ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்ற பொய்க்கணக்கு

ஸ்ரீரங்கத்தில் யாரிடமாவது போய், "இந்தக் கோயில் முழுவதையும் ஒரே ராஜா, ஒரே வருஷத்தில், ஒரே பாறையை வெட்டிக் கட்டி முடித்துவிட்டார்" என்று சொல்லிப் பாருங்கள். சித்திரை வீதியில் பூக்கட்டும் பாட்டி கூடச் சிரிப்பார். ஏழு பிராகாரம். ஒரு சுவரில் சோழர் கல்வெட்டு, இன்னொன்றில் பாண்டியர், அப்புறம் ஹொய்சாளர், விஜயநகரம். ராஜகோபுரமோ நூற்றாண்டுக் கணக்கில் மொட்டை கோபுரமாகவே நின்றுவிட்டு 1987-ல்தான் 236 அடிக்கு எழுந்தது. ரயிலில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது பார்த்தால் எல்லாம் ஒரே கோயில்தான். கிட்டே வந்து கல்லைப் பார்த்தால்தான் யார் எப்போது கட்டியது என்று தெரியும்.

வானத்தில் இருக்கும் ஒரு சமாச்சாரத்துக்கு மட்டும் இந்த விவேகம் கிடைப்பதில்லை. குளோபுலர் கிளஸ்டர் என்று பெயர். தமிழில் கோள விண்மீன் கொத்து, சுருக்கமாகக் கோளக் கொத்து. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று ஈர்த்துக்கொண்டு, லட்டு பிடித்தாற்போல உருண்டையாகத் திரண்டு கிடக்கும். பால்வெளி மண்டலத்தைச் சுற்றி இப்படி 150-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வயது 1,000 கோடி வருஷத்துக்கு மேல்.

பொது அறிவுப் புத்தகம், வானியல் அறிமுகக் கட்டுரை, மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்துக் காட்டும் கூட்டம், எங்கே போனாலும் இவற்றைப் பற்றி ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "ஒரு கொத்தில் உள்ள நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே வாயு மேகத்திலிருந்து ஒரே சமயத்தில் பிறந்தவை. ஆகவே ஒரே வயது, ஒரே சரக்கு. எடை மட்டும்தான் வேறு." ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று கொஞ்சம் இலக்கியம் வேறு சேர்ப்பார்கள்.

இந்த வாக்கியம் தப்பு. வயது பற்றிய பாதியைக் கூடப் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். 'ஒரே சரக்கு' என்கிற பாதி முழுத் தப்பு. அதுவும் நேற்று கண்டுபிடித்த தப்பு இல்லை. அம்பது வருஷத்துக்கும் மேலான கதை.

1971-ல் வேய்ன் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க வானியலாளர் எம்5, எம்10 என்ற இரண்டு கொத்துகளில் சில நட்சத்திரங்கள் ஊரோடு ஒத்துப்போகாமல் இருப்பதைக் கவனித்தார். நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்த்தால், எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பது கருப்புக் கோடுகளாகத் தெரியும். (ஒளியைப் பிரித்துப் பார்த்தே நோபல் வாங்கிய சி.வி. ராமன் 1888-ல் பிறந்தது பக்கத்தில் இருக்கும் திருவானைக்காவலில்தான். கோடுகளைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை!) அந்தச் சில நட்சத்திரங்களில் மட்டும் சயனோஜன் என்ற கார்பன்-நைட்ரஜன் கூட்டணியின் கோடு அளவுக்கு மீறி பலமாக இருந்தது. கூடப் பிறந்ததாகச் சொல்லப்பட்டவற்றில் அது இல்லை.

அப்போது ஒரு சமாதானம் சொன்னார்கள். நட்சத்திரத்துக்கு வயதானால் உள்ளே சமைத்த சரக்கு கலங்கி மேலே வரும், அதனால்தான் வித்தியாசம், பிறப்பில் எல்லாம் ஒன்றுதான் என்று. முழுக்கச் சப்பைக்கட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. வயதான சிவப்பு ராட்சத நட்சத்திரங்களில் கார்பன் ஓரளவு அப்படி மாறத்தான் செய்கிறது. ஆனால் கணக்கு எடுக்க எடுக்க வேறு தனிமங்களும் மாட்டின. சோடியம் கூடுகிற இடத்தில் எல்லாம் ஆக்ஸிஜன் குறைகிறது. சில கொத்துகளில் அலுமினியம் கூடுகிற இடத்தில் மக்னீசியம் குறைகிறது.

சமாதானம் சொன்னவர்களின் வாயை அடைத்தது 2001. இத்தாலியின் ரஃபேல் கிராட்டன் குழு, சிலியில் இருக்கும் விஎல்டி என்ற பெரிய தொலைநோக்கியில், என்ஜிசி 6752 என்ற கொத்தில் இன்னும் வயதாகாத நட்சத்திரங்களைப் பார்த்தது. சூரியனைவிடச் சற்றே எடை குறைந்த, ராட்சதமாக வீங்க இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிற நட்சத்திரங்கள். அவற்றிலும் அதே சோடியம்-ஆக்ஸிஜன் ஏறுமாறு. சோடியம் சமைக்க வேண்டுமென்றால் உள்ளே 4, 5 கோடி டிகிரி வெப்பம் வேண்டும். மக்னீசியத்தை அலுமினியமாக்க 7 கோடிக்கும் மேல். இந்தக் குட்டி நட்சத்திரங்களின் நடுவில் இருப்பது சுமார் 2 கோடிதான். அடுப்பே இல்லாத வீட்டில் சாம்பார் வாசனை வருகிறது என்றால் என்ன அர்த்தம்? வேறு வீட்டில் சமைத்தது வந்து சேர்ந்திருக்கிறது. அதாவது, பிறக்கும்போதே வேறு சரக்கு.

இங்கே காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இது இரட்டைப் பதிவு முறைக் கணக்கு. கார்பனும் ஆக்ஸிஜனும் எவ்வளவு குறைந்திருக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு நைட்ரஜன் கூடியிருக்கிறது. மூன்றையும் கூட்டினால் பெரும்பாலான கொத்துகளில் மொத்தம் மாறுவதில்லை. மக்னீசியமும் அலுமினியமும் கூட அப்படித்தான். பேங்கிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டால் கான்ட்ரா என்ட்ரி போடுவோமே, அதேதான். வெளியிலிருந்து புதுப் பணம் எதுவும் வரவில்லை. ஒரு சூப்பர்நோவா வெடித்துச் சரக்கைக் கொட்டியிருந்தால் இரும்பு கூடியிருக்க வேண்டும். பெரும்பாலான கொத்துகளில் இரும்பு எல்லா நட்சத்திரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆக, வெடிப்பு இல்லை. ஹைட்ரஜனை எரித்து ஹீலியமாக்கும் மிகச் சூடான ஓர் அடுப்பில் வெந்த வாயு, நட்சத்திரமாகும் முன்பே பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கான்ட்ரா நடக்கும்போது உண்மையான செலவு ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நாலு ஹைட்ரஜன் போய் ஒரு ஹீலியம் வருகிறது. ஆகவே நைட்ரஜனும் சோடியமும் கூடிய நட்சத்திரத்தில் ஹீலியமும் கூடியிருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால், ஹீலியம் ஒரு கருப்புப் பணம். குளிர்ந்த நட்சத்திரத்தின் மேற்பரப்பில் அது கோடே போடாது. கோடு போடுகிற அளவுக்கு அங்கே சூடு கிடையாது. மேலடுக்கில் எழும் ஓர் அகச்சிவப்புக் கோட்டை வைத்துச் சிலர் முயன்றிருக்கிறார்கள், ஆனால் அது நேரான வழி இல்லை.

முதல் துப்பு நிறத்தில் கிடைத்தது. ஒமேகா சென்டாரி என்று ஒரு கொத்து. பால்வெளியின் கோளக் கொத்துகளிலேயே பெரியது, சுமார் 17,000 ஒளியாண்டு தூரம், ஒரு கோடி நட்சத்திரம் என்று சொல்வார்கள். (இதன் பெயரே ஒரு தப்பின் நினைவுச் சின்னம். நட்சத்திரம் என்று நினைத்து 'ஒமேகா' என்று எழுத்துக் கொடுத்துவிட்டார்கள். 1677-ல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலி, இது நட்சத்திரம் இல்லை என்று எழுதிவைத்தார். தப்பு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.) ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் இதன் சாதாரண நட்சத்திரங்கள் நிறம்-ஒளி வரைபடத்தில் ஒரே கோடாக வராமல் இரண்டாகப் பிளந்து நின்றன. 2004-ல் அது தெளிவாக வெளிவந்தது. 2005-ல் இன்னொரு அதிர்ச்சி. நீலமாக இருந்த கூட்டத்தில் உலோகம் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், கூடுதலாக இருந்தது. இதற்கு ஒரே வழி, அந்தக் கூட்டத்தில் ஹீலியம் எக்கச்சக்கம் என்று வைத்துக்கொள்வதுதான். எடையில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டிய ஹீலியம், கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். 2007-ல் என்ஜிசி 2808 என்ற கொத்தில் மூன்று கோடுகள்!

ஆனால் இது எல்லாம் நிறத்தை வைத்துச் சொன்ன ஊகம். கணக்குப் புத்தகத்தில் ரசீது ஒட்டவில்லை. அதை ஒட்டிய வேலையின் ஒரு பகுதி நடந்த இடம் தமிழ்நாடு.

வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர். இந்திய வான் இயற்பியல் மையத்தின் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதை உருவாக்க ஓடி ஓடி உழைத்த வைணு பாப்பு 1982-லேயே இறந்துபோனார், அதனால் அவர் பெயரையே வைத்தார்கள். அவர் தெற்கே இடம் தேடியதற்குக் காரணங்களில் ஒன்று தென்வானம். ஒமேகா சென்டாரி லண்டனிலிருந்து எந்தக் காலத்திலும் தெரியாது. கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் தொடுவானத்தை உரசிக்கொண்டு 9 டிகிரி ஏறும். காவலூரில் 30 டிகிரி. ஸ்ரீரங்கத்தில் அதைவிடக் கொஞ்சம் கூட.

பி.பி. ஹேமா, கஜேந்திர பாண்டே என்ற இரண்டு பேர் காவலூர் தொலைநோக்கியை ஒமேகா சென்டாரி பக்கம் திருப்பினார்கள். ஹைட்ரஜன் குறைந்த விசித்திர நட்சத்திரங்கள் அந்தக் கொத்தில் இருக்கின்றனவா என்று தேடினார்கள். வழி ரொம்ப எளிமையானது. சிவப்பு ராட்சத நட்சத்திரங்களில் மக்னீசியம் தனியாகவும் இருக்கும், ஹைட்ரஜனோடு சேர்ந்து மக்னீசியம் ஹைட்ரைடு என்ற கூட்டாளியாகவும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கோடுகள், நிறமாலையில் பக்கத்துப் பக்கத்தில். ஒரே வெப்பம், ஒரே அளவு உலோகம் உள்ள இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொள். மக்னீசியம் ஒரே மாதிரி இருக்கிறது, ஆனால் ஒன்றில் மட்டும் ஹைட்ரைடு மெலிந்து கிடக்கிறது என்றால், அங்கே ஹைட்ரஜன் குறைகிறது. குறைந்த ஹைட்ரஜன் எங்கே போயிருக்கும்? ஹீலியமாக. இட்லிக் கடைக்காரர் விற்பனையைக் காட்டாவிட்டாலும் மாவு வாங்கிய கணக்கை வைத்து வருமான வரிக்காரர்கள் பிடித்துவிடுவார்கள் இல்லையா, அந்த வேலை.

2014-ல் அப்படிப்பட்ட நட்சத்திரங்கள் கிடைத்தன. அவற்றில் எல்ஈஐடி 34225, எல்ஈஐடி 39048 என்ற பட்டியல் எண் கொண்ட இரண்டைத் தென்னாப்பிரிக்காவின் சால்ட் என்ற பெரிய தொலைநோக்கியில் நுணுக்கமாகப் பார்த்து உறுதிசெய்தார்கள். 2020-ல் வந்த அடுத்த கட்டுரையில் அளவே வந்துவிட்டது. சாதாரண நட்சத்திரத்தில் பத்து ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு ஹீலியம் அணு. முதல் நட்சத்திரத்தில் அது ஒன்றரை, இரண்டாவதில் இரண்டு. எடைக் கணக்கில் சொன்னால் ஹீலியம் 37.5 சதவீதமும் 44.5 சதவீதமும். ஒப்பிடுவதற்காக எடுத்த வேறு இரண்டு நட்சத்திரங்களில் சாதாரண அளவே வந்தது. ஹபிள் படத்தின் நீலக் கூட்டத்துக்கு என்ன ஹீலியம் வேண்டும் என்று ஊகித்தார்களோ, அதே ரகம். அந்தக் கூட்டம் வயதாகி ராட்சதமாகும்போது எப்படி இருக்கும் என்பதற்கு விடுபட்டிருந்த கண்ணி இது.

இவ்வளவு நடந்த பிறகும் 'ஒரே சரக்கு' என்று அச்சடிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

உடனே மூன்று விதமான ஆட்கள் கிளம்புவார்கள். முதல் ஆள் கொஞ்சம் படித்தவர். "ஒமேகா சென்டாரி அசல் கோளக் கொத்தே இல்லையப்பா, பால்வெளி விழுங்கிய ஒரு குட்டி கேலக்ஸியின் மிச்சம், அதை வைத்துப் பொதுவாகப் பேசாதே" என்பார். நல்ல கேள்வி. அதில் இரும்பு கூட நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பல மடங்கு மாறுகிறது, மற்ற கொத்துகள் பெரும்பாலும் அப்படி இல்லை. 2024-ல் அதன் நடுவே வேகமாக ஓடும் நட்சத்திரங்களைக் கண்டு, குறைந்தது 8,200 சூரிய எடையுள்ள கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்று சொன்னது கேலக்ஸிக் கதைக்குத்தான் பலம். சரி, ஒமேகா சென்டாரியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். என்ஜிசி 6752? என்ஜிசி 2808? எம்5? யூஜீனியோ கரெட்டா குழு 2009-ல் பதினைந்து கொத்துகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராட்சத நட்சத்திரங்களை அலசியபோது எல்லாவற்றிலும் சோடியம்-ஆக்ஸிஜன் ஏறுமாறு இருந்தது. ருப்ரெக்ட் 106 மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்குகளில் மட்டும்தான் இது தென்படவில்லை. 'ஒரே சரக்கு' என்பதுதான் விதிவிலக்கு. விதிவிலக்கைப் பாடமாக எழுதி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது ஆள் வாத்தியார் ரகம். "ஆரம்பத்தில் படிக்கிறவனுக்கு இது போதும், அப்புறம் மேலே போனால் தெரிந்துகொள்வான்" என்பார். மேலே போகிறவர்கள் எத்தனை பேர்? நூறு பேர் படித்தால் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த முதல் வாக்கியம்தான் கடைசி வாக்கியம். பி.காம் படிக்கிறவனுக்குக் கோளக் கொத்தைப் பற்றி வாழ்க்கையில் இன்னொரு வகுப்பு வரப்போவதில்லை. அவனுக்குக் கொடுக்கிற ஒரே ஒரு வாக்கியத்தையாவது சரியாகக் கொடுக்க வேண்டாமா? தவிர, சரியானது ஒன்றும் கஷ்டமானதும் இல்லை. "இரும்பு ஒன்று, சோடியமும் நைட்ரஜனும் ஹீலியமும் வேறு வேறு" என்றால் முடிந்தது. கம்பெனி லாபத்தை 'சுமார்' என்று போட்டால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். அறிவியலுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

இந்தத் தப்பு சும்மா கிடக்கிற தப்பும் இல்லை, வேறு கணக்குகளையும் கெடுக்கிறது. ஹீலியம் கூடிய நட்சத்திரம் சீக்கிரம் எரிந்து தீரும். ஒரே கொத்தில், ஒரே வயதில், சாதாரண சரக்குள்ள நட்சத்திரத்தில் சூரியனின் 0.8 பங்கு எடை உள்ளது இப்போது கிழமாகிறது என்றால், நாற்பது சதவீத ஹீலியக்காரனில் கிட்டத்தட்ட 0.6 பங்கு உள்ளதே கிழமாகிவிடும். அப்படி எடை குறைவாகக் கிழமானது அடுத்த கட்டத்தில் சூடாக, நீலமாக நிற்கும். எம்3, எம்13 என்று இரண்டு கொத்துகள். இரும்பு கிட்டத்தட்ட சமம். ஆனால் எம்13-ன் வயதான நட்சத்திரங்கள் நீலப் பக்கமே குவிகின்றன. எம்3-ல் சிவப்பும் நீலமும் கலந்து நிற்கின்றன. இரும்பு போக இன்னொரு காரணம் வேண்டும் என்று 1967-லேயே எழுதினார்கள். பல வருஷம் வயது வித்தியாசம் ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஹீலியத்தைச் சேர்க்காமல் கணக்கு உதைத்துக்கொண்டேதான் இருந்தது. 'ஒரே சரக்கு' என்று முன்கூட்டியே முடிவு கட்டினால் விடை கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது.

மூன்றாவது ஆள் நம்மூர் ஸ்பெஷல். "உலகத்தில் பத்து மீட்டர் தொலைநோக்கி எல்லாம் வந்தாச்சு, காவலூரில் அந்தப் பழைய சாமானை வைத்துக்கொண்டு ஏன் வெட்டிச் செலவு? பழைய இரும்புக் கடைக்குப் போடு" என்பார். சிலியிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒமேகா சென்டாரி இன்னும் உயரத்தில் தெரியும், வானமும் இன்னும் இருட்டு, இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே ஓர் இரவு கிடைக்க உலகமே வரிசையில் நிற்கிறது. "ஏதாவது விசித்திரம் கிடைக்குமா என்று நிறைய நட்சத்திரங்களைத் துழாவிப் பார்க்கப் போகிறேன்" என்று விண்ணப்பம் போட்டால் யார் கொடுப்பார்கள்? சொந்த வீட்டுத் தொலைநோக்கி இருந்ததால்தான் துழாவ முடிந்தது. துழாவியதில் இரண்டு கிடைத்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு போய்த்தான் பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்க முடிந்தது. சில்லறைக் கடை இல்லாமல் மொத்த வியாபாரம் இல்லை. 28 வயதான தொலைநோக்கி 2014-ல் உலகத் தரமான ஒரு கண்டுபிடிப்பைத் தந்தது என்றால், அது செலவில் வருமா முதலீட்டில் வருமா என்பதை எந்த முதலாண்டு மாணவனும் சொல்லிவிடுவான்.

சரி, பாதிப் பிள்ளைகளுக்கு ஊட்டிய அந்த அடுப்பு எது? இங்கே எதிர்த்தரப்பைக் கிண்டல் பண்ணியது போதும். விஞ்ஞானிகளிடமும் கணக்கு நேராகவில்லை. சூரியனைப் போல நாலைந்து மடங்கு எடையுள்ள நட்சத்திரங்கள் முதுமையில் ஊதித் தள்ளிய வாயு என்று ஒரு கட்சி. வேகமாகச் சுழன்ற ராட்சத நட்சத்திரங்கள் விசிறியது என்று ஒரு கட்சி. ஒன்றை ஒன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள் சிந்தியது என்று இன்னொன்று. சூரியனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு எடையுள்ள ஒரே பூதம் நடுவில் இருந்தது என்று 2014-லிருந்து ஒரு கட்சி. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சிக்கல், பட்ஜெட்! பல கொத்துகளில் மாறிய சரக்குள்ள நட்சத்திரங்களே பெரும்பான்மை. ஆனால் முதல் தலைமுறை கக்கியிருக்கக்கூடிய வாயு அதன் மொத்த எடையில் கொஞ்சமே. ரூபாய்க்குப் பத்துப் பைசா வட்டி வருகிற முதலிலிருந்து, முதலைவிடப் பெரிய சொத்து வாங்கியதாகக் கணக்கு எழுதியிருக்கிறது. இதைச் சரிக்கட்ட, ஆரம்பத்தில் கொத்து பத்து மடங்கோ அதற்கும் மேலோ பெரிதாக இருந்தது, அப்புறம் முதல் தலைமுறை முக்கால்வாசிக்கும் மேல் ஓடிப்போய்விட்டது என்றார்கள். ஓடிப்போனவை எங்கே? ஃபோர்னாக்ஸ் என்ற குட்டி கேலக்ஸியில் 2012-ல் எண்ணிப் பார்த்தபோது, வெளியே திரியும் அதே ரக நட்சத்திரங்கள் அத்தனையையும் திருப்பிச் சேர்த்தாலும் அங்குள்ள கொத்துகள் நாலைந்து மடங்குக்கு மேல் பெரிதாக இருந்திருக்க முடியாது என்று வந்தது. ட்ரயல் பேலன்ஸ் இன்னும் ஒத்துவரவில்லை. சஸ்பென்ஸ் அக்கவுண்டில்தான் வைத்திருக்கிறார்கள்.

பொது அறிவுப் புத்தகக்காரர்கள் மறைப்பது ஏதோ ஒரு நுணுக்கத்தை இல்லை, இந்தத் துறையிலேயே சூடான சண்டையை. படிக்கிற பையனையோ பெண்ணையோ இழுத்து உள்ளே போடக்கூடிய ஒரே விஷயத்தை எடுத்துவிட்டு, 'எல்லாம் தெரிந்தாயிற்று, ஒரே வயிற்றுப் பிள்ளைகள்' என்று சப்பென்று முடித்துவைக்கிறார்கள்.

அடுத்த பதிப்பில் மாற்ற வேண்டியது இதுதான். "ஒரு கோளக் கொத்தின் நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. பெரும்பாலான கொத்துகளில் இரும்பின் அளவும் ஒன்றே. ஆனால் ஹீலியம், கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன், சோடியம் போன்றவை நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறுகின்றன. ஏன் என்று இன்னும் தெரியவில்லை." நாலு வரி. அச்சுக்கூலி ஏறாது.

மே மாதம் நடுவில் ராத்திரி பத்தே கால் மணி வாக்கில் ஒமேகா சென்டாரி நேர் தெற்கே உச்சத்தில் இருக்கும், தொடுவானத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து பார்த்தால் தெற்கே காவிரிக்கு அந்தப் பக்கம் திருச்சி விளக்குகளின் வெளிச்சம் அதைத் தின்றுவிடும். பைனாகுலர் எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்டி, விளக்கில்லாத வயல் வெளிக்குப் போக வேண்டும். மங்கிய ஒரு பஞ்சு உருண்டை தெரியும்.